கதை டீச்சர் பதில்கள்: சூப் குடிக்காத காஸ்பரும் கிறிஸ்துமஸ் பரிசும்

சென்ற இதழில் ‘ஸ்ட்ருவல்பீட்டர்’ என்ற பழைய ஜெர்மன் படப்புத்தகத்தைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். தலை வாராத பையன், சூப் வேண்டாம் என்று அடம்பிடிப்பவன், விரல் சூப்புகிறவன், நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருப்பவன் என்று புத்தகம் முழுக்கச் சேட்டைக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் கடைசியில் ஏதாவது விபரீதம் நடக்கும். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பக்கம் சரியாகப் போய்விட்டது. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம் என்பதால் நானும் வேறு கடிதங்களைத் தொடவில்லை.

கிறிஸ்துமஸுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம், டீச்சர்? அட்டையில் பரட்டைத் தலையோடு ஒரு பையன் நிற்கிறான், அவ்வளவுதானே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

அந்தப் புத்தகம் பிறந்ததே கிறிஸ்துமஸ் பரிசாகத்தான். 1844 டிசம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்து டாக்டர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன், தன் மூன்று வயது மகன் கார்லுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். கிடைத்ததெல்லாம் நீள நீளமான கதைகள், பிள்ளைகள் சுத்தமாக இருக்க வேண்டும், உண்மை பேச வேண்டும் என்று முடிகிற புத்திமதிகள். எதுவும் பிடிக்காமல் ஒரு வெற்று நோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதில் தானே படம் வரைந்து, தானே பாட்டுக் கட்டி மகனுக்குக் கொடுத்தார்.

இந்த வித்தை அவருக்குப் புதிதல்ல. அந்த ஊரில் அப்போது பிள்ளைகளை டாக்டரைக் காட்டித்தான் மிரட்டுவார்கள். கண்டதைத் தின்றால் டாக்டர் வந்து கசப்பு மருந்து கொடுப்பார் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, நிஜமாகவே டாக்டர் வந்து நின்றால் என்ன செய்யும்? வீறிட்டு அழும். ஹோஃப்மன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒரு பையனை வரைவார். அவனுக்கு முடி வளரும், நகம் வளரும், இன்னும் வளரும், கடைசியில் முடியும் நகமும் தவிர வேறெதுவும் தெரியாது. பிள்ளை அழுகையை நிறுத்திப் படத்தைப் பார்க்கும்போது இவர் நாடி பார்த்து முடித்திருப்பார். அட்டையில் நிற்கும் பரட்டைத்தலை பீட்டர் அப்படி வந்தவன்தான். பயந்த பிள்ளையைச் சிரிக்க வைக்க வரைந்த படம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் புத்தகத்தின் பாதி குணம் புரிந்துவிடும்.

நண்பர்கள் பார்த்துவிட்டு அச்சில் போடச் சொல்லி வற்புறுத்த, 1845இல் புனைபெயரில் வெளிவந்தது. முதல் பதிப்பின் 1,500 பிரதிகளும் நான்கே வாரங்களில் விற்றுப்போயின. முதலில் பரட்டைத்தலையனுக்குக் கடைசிப் பக்கம்தான் கிடைத்தது. பிள்ளைகளுக்கு அவனைத்தான் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்தடுத்த பதிப்புகளில் முன்னால் வந்தான், புத்தகத்துக்கே அவன் பெயர் வந்தது.

உள்ளே முதல் பாட்டே கிறிஸ்துமஸ் பாட்டுதான். சமர்த்தாக இருந்து, சூப்பைக் குடித்து, ரொட்டியையும் மறக்காமல் தின்று, சத்தம் போடாமல் விளையாடி, தெருவில் அம்மாவோடு ஒழுங்காக நடந்து போகிற பிள்ளைகளிடம் குழந்தை இயேசு வருவார், நல்ல நல்ல பொருள்களோடு அழகான ஒரு படப்புத்தகமும் கொண்டுவருவார் என்கிறது அது. ஜெர்மனியின் பல பகுதிகளில் பரிசு கொண்டுவருவது கிறிஸ்துமஸ் தாத்தா அல்ல, குழந்தை இயேசுதான். டிசம்பர் 24 மாலையில் வருவார். சரி, இப்படிச் சமர்த்துப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிவிட்டு, பக்கத்தைத் திருப்பினால் ஒரு சமர்த்துப் பிள்ளையைக்கூடக் காணோம். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பது இதற்குத்தான்.

மார்க் ட்வைனும் 1891இல் பெர்லினில் தங்கியிருந்தபோது, தன் மகள்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது அச்சில் வந்தது அவர் காலத்துக்குப் பிறகு, 1935இல்.

என் மகனுக்கு நாலரை வயது. பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி அன்பாக இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். விரலை வெட்டும் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து மகன் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். கணவர் தூக்கிப் போடச் சொல்கிறார். பாட்டி கேட்டால் என்ன பதில் சொல்வது?
– ஒரு தாய், டோர்ட்மண்ட், ஜெர்மனி

தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகனுக்கு விரல் சூப்பும் பழக்கம் உண்டா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் அந்தப் பக்கம் இப்போது அவனுக்கு வேண்டவே வேண்டாம்.

அந்தக் கதையைப் பாருங்கள். அம்மா வெளியே கிளம்புகிறாள். கொன்ராட், விரல் சூப்பாதே, சூப்பினால் தையல்காரர் கத்தரிக்கோலோடு வருவார் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் வாசலைத் தாண்டியதும் விரல் வாய்க்குள் போகிறது. கதவு படாரென்று திறக்கிறது. நெட்டையான ஒரு தையல்காரர், தன் உடம்பில் பாதி நீளத்துக்கு ஒரு கத்தரிக்கோலோடு பாய்ந்து வருகிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாய்ச்சல் சிரிப்பு. விரல் சூப்பும் நாலரை வயதுப் பிள்ளைக்கு அது தன் கதை. அவன் படுக்கையறைக்கும் ஒரு கதவு இருக்கிறது இல்லையா?

புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். தூக்கிப் போட்டால், அது நிஜமாகவே பயப்பட வேண்டிய பொருள் என்று அவன் முடிவு செய்துகொள்வான். அந்தத் தாள்களை மட்டும் ஒரு க்ளிப் போட்டு மூடுங்கள், அதையும் அவனையே போடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் நீங்கள் கொன்ராடை வரையுங்கள், அவனுக்குக் கட்டை விரல் இரண்டையும் மகன் வரையட்டும். பெரிய விரலாக வரைந்தால் தடுக்காதீர்கள். நான் சனிக்கிழமைகளில் கதை சொல்லும் நூலகத்தில் ஒரு சிறுமி, கொன்ராடுக்குக் கை நிறைய விரல்கள் வரைந்து, தையல்காரர் வந்தால் எதை வெட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுவார் என்றாள். அதன்பிறகு அவளே அந்தப் பக்கத்தைத் திறந்து மற்றவர்களுக்குக் காட்டினாள்.

பயம் தெளியும் வரை ஹான்ஸ் கதையைப் படியுங்கள். எப்போதும் வானத்தையே பார்த்துக்கொண்டு நடக்கும் பையன் அவன். நாயோடு மோதி விழுவான், அப்புறம் ஆற்றில் விழுவான், இரண்டு பேர் கோலால் இழுத்துக் கரையேற்றுவார்கள். மூன்று மீன்கள் தலையை நீட்டிச் சிரிக்கும். எல்லோரும் பிழைத்துக்கொள்கிற கதை.

பாட்டியிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: ஹான்ஸ் பிடித்திருக்கிறது, கொன்ராடுக்கு இன்னும் கொஞ்சம் வயதாகட்டும் என்று. அந்தத் தலைமுறை ஜெர்மானியர்கள் பலருக்கு இந்தப் பாட்டுகள் மனப்பாடம். ஒருநாள் கூப்பிட்டு, மீன் சிரிக்கும் பாட்டை மகனுக்கு அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் போனால் பழைய நகரப் பகுதியில் இந்தப் புத்தகத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு கூட்டிப் போகலாம்.

காஸ்பர் கதையை நான்தான் ஆசையாகப் படித்துக் காட்டினேன். அன்று ராத்திரியே பேரன் தட்டைத் தள்ளிவிட்டு ‘நான் சூப் குடிக்க மாட்டேன், மாட்டவே மாட்டேன்’ என்று ராகம் போட ஆரம்பித்துவிட்டான். மருமகள் என்னைப் பார்க்கிறாள். இது சேட்டையைக் கற்றுக்கொடுக்கிற புத்தகம்தானே?
– ஒரு தாத்தா, கோயம்புத்தூர்

ஐயா, பாடினான், சரி. சாப்பிட்டானா இல்லையா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டிருப்பான்.

அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரே பையன், திரும்பத் திரும்ப. முதல் படத்தில் உருண்டைக் கன்னம், பந்து மாதிரி உடம்பு. மறுநாள் இளைத்திருக்கிறான். மூன்றாம் நாள் குச்சி. நான்காம் நாள் நூலிழை, எடை அரை அவுன்ஸ் தேறாது. ஐந்தாம் நாள் ஆள் இல்லை, ஒரு கல்லறை, அதன்மேல் சூப் கிண்ணம். முதல் மூன்று நாளும் அவன் அதே அடத்தோடு அதே வரியைக் கத்துகிறான். குச்சியாக நிற்கும்போதும் அவன் குரல் மட்டும் இளைக்கவில்லை!

இதை வாசிக்கும்போது பிள்ளைகள் முகத்தைக் கவனித்திருக்கிறேன். முதல் படத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டாவதில் அடுத்து என்ன என்று தெரிந்துவிடும். மூன்றாவதிலிருந்து என்னைப் பாட விடமாட்டார்கள், அவர்களே கத்துவார்கள். வீட்டில் ‘மாட்டேன்’ என்று சொன்னால் திட்டு விழும். இங்கே முழுத் தொண்டையில் சொல்லலாம், பெரியவர்கள் கூடச் சேர்ந்து சொல்வார்கள். அந்தச் சந்தோஷம் பிள்ளைக்கு வேண்டும் ஐயா. நாள் முழுக்க அவனுக்கு மேலே யாராவது ஒருவர் நின்று, உட்கார், எழுந்திரு, கை கழுவு, வாயை மூடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்துக்குள் போய்க் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வரட்டும்.

ஐந்து நாளில் யாரும் இப்படிச் சாவதில்லை என்பது ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். தெரிவதால்தான் சிரிக்கிறான். மருமகளிடம் ஒன்று சொல்லுங்கள்: சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்தப் புத்தகத்தைப் பேச்சில் இழுக்க வேண்டாம். ‘சாப்பிடாவிட்டால் காஸ்பர் மாதிரி ஆகிவிடுவாய்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், கதை செத்துவிடும். அப்புறம் அது கதையல்ல, பிரம்பு.

எந்த வயதிலிருந்து படிக்கலாம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

முதல் பதிப்பில் 3 முதல் 6 வயதுக்கு என்று போட்டிருந்தார்கள். என் கணக்கில் 6க்கு மேல்தான். அதுவும் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, பிள்ளை ‘போதும்’ என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

‘சேட்டை செய்தால் கிறிஸ்துமஸ் தாத்தா கரித்துண்டுதான் வைப்பார்’ என்று டிசம்பர் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறேன். நன்றாக வேலை செய்கிறது. இதில் தப்பு உண்டா?
– ஒரு தாய், சென்னை

நீங்கள் மட்டும் சொல்வதல்ல, இது பழைய மிரட்டல். 1821இல் நியூயார்க்கில் குழந்தைகளுக்கென்று ஒரு சின்னப் படப்புத்தகம் வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா கலைமான் இழுக்கும் வண்டியில் வருவதாக அச்சான முதல் படம் அதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு மான்தான், எட்டெல்லாம் பிறகு வந்தவை. சமர்த்துப் பிள்ளைகளுக்குப் பொம்மை, அடங்காத பிள்ளைகளின் வீட்டில் பெற்றோர் எடுத்துக்கொள்ள ஒரு நீளக் கறுப்புப் பிரம்பு என்று அந்தப் புத்தகம் முடிகிறது. ஆஸ்திரியாப் பக்கம் டிசம்பர் 5 இரவு கொம்பு வைத்த கிராம்பஸ் பூதம் சங்கிலியை உலுக்கிக்கொண்டு வருவான். இத்தாலியில் ஜனவரி 6க்கு முந்தைய இரவு பெஃபானா கிழவி கரி வைப்பாள். ஆனால் அங்கே கடைகளில் அந்தக் கரியைச் சர்க்கரையில் செய்து விற்கிறார்கள், கறுப்பாக இருக்கும், கடித்தால் இனிக்கும். எனக்கு இத்தாலிக்காரர்கள் செய்ததுதான் பிடித்திருக்கிறது.

தப்பா என்று கேட்டீர்கள். தப்புதான் என்பேன். காரணம், உங்கள் பிள்ளை அல்ல. உங்கள் பிள்ளைக்கு எப்படியும் 25ஆம் தேதி பரிசு கிடைத்துவிடும், நீங்கள் கரி வைக்கப் போவதில்லை. அதே வகுப்பில் இந்த வருஷம் அப்பாவுக்கு வேலை போன ஒரு பிள்ளை இருக்கும். அந்த வீட்டில் பரிசு இருக்காது. ‘சமர்த்தாக இருந்தவர்களுக்குத்தான் தாத்தா கொடுப்பார்’ என்று உங்கள் பிள்ளை பள்ளியில் போய்ச் சொல்வான், சொல்லாமல் இருக்க மாட்டான். கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்? நான் கெட்ட பிள்ளை போலிருக்கிறது என்று நினைக்கும். வகுப்பில் இருந்த காலத்தில் ஜனவரி முதல் வாரத்தில் அப்படி ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் பேச என்னால் முடியாது. பரிசைப் பரிசாகக் கொடுங்கள். சேட்டைக்கு அன்றன்றைக்கே கண்டிப்பு, அதோடு முடிந்தது.

புத்தகத்தில் ஒரு கறுப்பினச் சிறுவனைக் கேலி செய்யும் மூன்று பையன்களை மைக்கூட்டில் முக்குகிறார்களே. இது நிறவெறியை எதிர்க்கும் கதையா, இல்லை அதுவே நிறவெறியா?
– ஒரு கல்லூரி மாணவி, மதுரை

நல்ல கேள்வி. நிறத்தைப் பார்த்துக் கேலி செய்யாதே என்று 1845இல் ஒரு குழந்தைப் புத்தகம் சொன்னதே பெரிது, அதை மறுக்க மாட்டேன். நெடிய நிக்கோலாஸ் வந்து முதலில் வாயால் சொல்லிப் பார்க்கிறார், பையன்கள் கேட்கவில்லை, பிறகுதான் மையில் முக்குகிறார். ஆனால் கறுப்பாவதே அங்கே தண்டனை. ‘கறுப்பாகப் பிறந்தது அவன் குற்றமா’ என்ற தொனியில்தான் அந்தச் சிறுவனுக்குப் பரிந்து பேசுகிறார்கள். அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது, கேலி செய்த மூன்று பேருக்கும் பெயர் இருக்கிறது.

நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் காதோரத்தைப் பார்த்து நிறம் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘வெயிலில் ஆடாதே, கறுத்துவிடுவாய்’ என்று கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இந்தக் கதையை நான் சொல்வதில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசலாம், நீங்கள் கேட்ட இதே கேள்வியைக் கேட்டு.

எங்கள் மகனுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் அந்தப் பிரச்சினையை இந்தப் புத்தகத்தில் வரும் ஃபிலிப் பெயரால் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன். நிஜமா?
– ஒரு தந்தை, திருச்சி

நிஜம்தான், பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறார்கள். ஃபிலிப் சாப்பாட்டு மேசையில் நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டுவான், சாயும்போது மேசைவிரிப்பைப் பிடிப்பான், தட்டு, ரொட்டி, பாட்டில் எல்லாம் அவனோடு தரைக்கு வந்துவிடும். இந்தக் கதை 1846இல் சேர்ந்தது. ஹோஃப்மன் 1851இல் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்குத் தலைவரானார் என்பதால், அவர் நோயைத்தான் வரைந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் வரைந்தது ஒரு வீட்டின் சாப்பாட்டு நேரம். அந்தப் பக்கத்தில் நான் பார்ப்பது அம்மாவைத்தான். பேசாமல் மேசையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கடைசி வரை ஒரு வார்த்தை இல்லை. எத்தனை அம்மாக்கள் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்!

மகனை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட விடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. கதையைப் படிப்பதானால், மேசைவிரிப்புக்குக் கீழே இருக்கும் ஃபிலிப்புக்கு அடி பட்டிருக்குமா என்று அவனிடம் கேளுங்கள். புத்தகத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

டீச்சர், நான் மூன்றாம் வகுப்பு. பெயர் போடாதீங்க. தம்பியை இரண்டு தடவை கிள்ளிவிட்டேன். இப்போது கிறிஸ்துமஸ் தாத்தா லிஸ்டில் என் பெயர் இருக்குமா?

கண்ணு, தம்பிக்கு வலித்திருக்கும். போய் எங்கே கிள்ளினாயோ அங்கே தடவிக் கொடுத்துவிட்டு வா, மற்றதை அப்புறம் படிக்கலாம்.

வந்துவிட்டாயா? சரி. ஐஸ்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே ஒரு தாத்தா கிடையாது, பதின்மூன்று அண்ணன் தம்பிகள். டிசம்பர் 12 முதல் ராத்திரிக்கு ஒருவராக மலையிலிருந்து இறங்கி வருவார்கள். எல்லோரும் பயங்கரச் சேட்டை. ஒருவன் வீட்டுக் கரண்டியை நக்குவான், ஒருவன் பானையைச் சுரண்டித் தின்பான், ஒருவன் தூங்குகிற நேரம் பார்த்துக் கதவைப் படார் படார் என்று சாத்துவான், ஒருவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். பிள்ளைகள் ஜன்னலில் ஷூவை வைத்துவிட்டுத் தூங்கினால் அதில் பரிசு போடுவது இவர்கள்தான்! சேட்டை செய்த பிள்ளைக்கு உருளைக்கிழங்கு போடுவார்களாம். கரண்டியை நக்குகிறவன் நம்மைப் பற்றி என்ன குறை சொல்ல முடியும், சொல்லு?

லிஸ்டைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு ஒரு வேலை செய்து கொடு. நான்கு தாளை நடுவில் மடித்து, முதுகில் நூல் போட்டுத் தைக்க அம்மாவிடம் சொல். அதில் ‘கிள்ளுகிற அக்கா’ அல்லது ‘கிள்ளுகிற அண்ணன்’ கதையை வரை. கிள்ளக் கிள்ள விரல் நீளமாகிறதா, நண்டுக் கொடுக்காகிறதா, நீயே முடிவு செய். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் புளுகலாம். தம்பி செய்த சேட்டைக்கும் ஒரு பக்கம் கண்டிப்பாக வேண்டும், அவனும் சும்மா இருந்திருக்க மாட்டான். வண்ணம் தீட்டுவது அவன் வேலை. கோட்டுக்கு வெளியே போனால் திட்டாதே. முடித்ததும் எனக்கு அனுப்பு, பொங்கல் இதழில் போடலாம்.